அந்தப் பெயரில் ஆளில்லை

என் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றைச் சொன்னால் மற்றதற்கு வயிறு எரியும். அம்மா வைத்த பெயரின் பொருளை மட்டும் சொல்லிவிடுகிறேன்: குப்பை. எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஒரு வயதைத் தாண்டவில்லை. நான்காவதாக நான் பிறந்ததும், ரெங்கம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிகள் குடியிருந்த வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் என்னைப் போட்டுப் புரட்டி எடுத்தார்கள். மூக்குக் குத்தினார்கள். பக்கத்து வீட்டு அத்தைக்கு ஒரு முறம் தவிட்டுக்கு என்னை விற்று, மறுபடி வாங்கிக்கொண்டார்கள். இவ்வளவு மட்டமான சரக்கை எமன் தொட மாட்டான் என்று நம்பிக்கை. நானும் பிழைத்துக்கொண்டேன். இதில் அதிசயம் ஒன்றுமில்லை, எங்கள் லயத்திலேயே இந்தப் பெயரில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.

அப்பா காய்ச்சலில் போனபோது எனக்கு ஆறு வயது. அம்மா தனியாகப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்து என்னை டவுனில் இருந்த இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினாள். லயத்தில் எல்லோரும் அவளைக் கிண்டல் செய்தார்கள். "என்னா, மவன் துரையாவப் போறானா?" என்பார்கள். "துரை வேணாம், கிராணி ஆனா போதும்" என்று அவள் பதில் சொல்வாள். தோட்ட ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர்தான் கிராணி. கிராணிக்குத் தனி வீடு கொடுப்பார்கள். அந்த வீட்டில் அம்மாவைக் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும், விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு ஓடி வரிசையில் நின்று பேர் கொடுக்கிற பிழைப்பிலிருந்து அவளை மீட்க வேண்டும். என் படிப்புக்கு இருந்த ஒரே நோக்கம் இதுதான். வேறு பெரிய லட்சியம் இருந்ததாகப் பொய் சொல்ல மாட்டேன்.

ஏழாவது முடித்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். ஊரில் உள்ள எல்லாத் தோட்டங்களுக்கும் மனு எழுதிப் போட்டேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. என்னுடன் படித்தவன் ஒருவன், கணக்கில் என்னைப் பார்த்து எழுதித் தேறியவன், அவனுக்கு இரண்டு இடங்களிலிருந்து ஆள் வந்தது. அவன் பெயரைச் சொன்னாலே கோயிலில் மணி அடிக்கும். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மக்கு, வேறென்ன!

விளங்க வைத்தவர் செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிராணி. அங்கே வேலை காலி என்று கேள்விப்பட்டு நேரே போய் நின்றேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆபீசைக் கந்தோர் என்பவர். மனுவை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"கையெழுத்து முத்துமுத்தா இருக்கு," என்றார். பிறகு கடைசி வரியில் என் பெயருக்கு வந்து நின்றுவிட்டார். "தம்பி, இது பெரட்டில கூப்பிடுற பேரெல்லோ? இந்தப் பேரைக் கந்தோரில வச்சு நான் எப்பிடித் துரைக்குச் சொல்லுறது? லயத்து ஆள் எண்டு உடன கண்டுபிடிச்சிடுவினம்."

"லயத்து ஆள்தாங்க நான்," என்றேன்.

"அதைத்தானே சொல்லுறன்," என்று மனுவை மடித்து என் கையிலேயே கொடுத்தார். கோபப்படவும் இல்லை, ஏசவும் இல்லை. கடையில் செல்லாக் காசைத் திருப்பித் தருவார்களே, அப்படித் தந்தார். அவரை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அடுத்து நான் போன தோட்டத்தில் இருந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நம் ஆள்தானே என்று நம்பிப் போனேன். அவர் மனுவைக் கையால்கூடத் தொடவில்லை.

ரெங்கம் ஸ்டேஷன் எதிரில் மனு எழுதிக் கொடுக்கிற ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"அலாமாக், இதுக்கா அழுவுற? ரயிலேறி எட்டாத ஊருக்குப் போ. நல்ல பேரா ஒண்ணு வச்சிக்க, பின்னால ஒரு வாலையும் ஒட்டிக்க. பள்ளிக்கூடத்து சர்ட்டிபிகேட்டு தொலைஞ்சி போச்சின்னு சொல்லு. உன் கையெழுத்தைப் பாத்த பிறகு எவன் அதைக் கேக்கப் போறான்?"

பெயரையும் வாலையும் அவரே தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் யாரும் கனவில்கூட வைத்துக்கொள்ளத் துணியாத மேல்சாதி வால். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டாள்.

"வேணாம்டா சாமி. அந்தப் பேருதான்டா ஒன்ன காவந்து பண்ணி வச்சிருக்கு. அழகாப் பேரு வச்ச மூணையும் வாரிக் குடுத்தவ நான். நீ அதை வுட்டுட்டுப் போனா எமன் கண்ணு ஒம் மேல வுழுந்துரும்."

"இந்தக் காலத்துல எமனாவது கிமனாவது!" என்று கத்தினேன். "உன் எமனைவிட இந்தக் கிராணிங்கதான் என்னைக் கொல்றானுங்க."

 முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டாள்.

தங்காக்கை அடுத்த ஒரு தோட்டத்தில் புதுப் பெயரில் மனு போட்டேன். பத்தே நாளில் கூப்பிட்டார்கள். அந்தப் பெரிய கிராணி திருநெல்வேலிக்காரர், வாய் ஓயாமல் பேசுகிறவர். ஒரு பக்கம் எழுதச் சொன்னார், எழுதினேன். "எந்த ஊருய்யா உங்க அப்பா?" என்றார். ஊரைச் சொல்லாமல், "தவறிட்டாருங்க," என்றேன். அது உண்மைதான். "ஐயோ பாவம்" என்று சொல்லி அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். கையெழுத்தும் பழையது, ஆளும் பழைய ஆள். பெயர் ஒன்றுதான் புதிது. அந்தக் கோபம் இத்தனை வயதுக்குப் பிறகும் எனக்குத் தணியவில்லை.

வீடு கொடுத்தார்கள். இரண்டு அறை, முன்னால் ஒரு கொய்யா மரம். அம்மாவைக் கொண்டுவரத்தானே இத்தனையும்? கொண்டுவரவில்லை. அவள் வந்து, வாசலில் நின்று, பெரிய கிராணி எதிரே அந்தப் பெயரைச் சொல்லி ஒரு தரம் கூப்பிட்டால் தீர்ந்தது கதை. அவளுக்கு வேறு பெயர் வாயில் வராது. அவள் பேச்சும் கையில் இருந்த பச்சைக்குத்தும் அவள் யாரென்று சொல்லிவிடும். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். ஊருக்கு ஒரு முறை போனபோது, அவசரமென்றால் கடிதம் போடுவதற்காகப் புதுப் பெயரையும் விலாசத்தையும் ஒரு சீட்டில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "எப்பக் கூட்டிட்டுப் போவ?" என்று கேட்டாள். "வீடு ஒழுகுது, சரி பண்ணணும்," என்றேன். வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை தபால் பை வந்தது. பெரிய கிராணி கடிதங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டே வந்தவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதப் பாருங்கய்யா, கூட்டித் தள்ளுறதுக்கெல்லாம் தபால் வருது!" என்று என் அம்மா வைத்த பெயரை உரக்கப் படித்தார். "நம்ம தோட்டத்துல இப்படி ஒருத்தன் இருக்கானா? உங்ககிட்டதானே பெரட்டுப் புஸ்தகம், பாருங்க."

உறை என் கண்ணெதிரே இருந்தது. ரெங்கம் முத்திரை. அம்மாவின் தோட்டத்துக் கிராணியின் கோணல் எழுத்து.  நானும் சிரித்தேன். கடவுள் சத்தியமாகச் சிரித்தேன். பெரட்டுப் புத்தகத்தைப் பிரித்து, விரலை ஒவ்வொரு பெயராக ஓட்டித் தேடுவதுபோல நடித்தேன்.

"இல்லீங்க," என்றேன்.

"அப்ப எழுதித் திருப்பி அனுப்பிடுங்க."

உறையின் மேல், அந்தப் பெயரில் இங்கே ஆளில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அவர் பக்கத்திலேயே நின்றார், ஒளித்து வைக்கவும் வழியில்லை. அம்மா கல்யாணப் பேச்சு எடுத்திருப்பாள், அதற்குத்தான் கடிதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஒரு கடிதம் எழுதிப் போட வேண்டும் என்று நினைத்தேன். மறுநாள் வேலை இருந்தது. அதற்கு மறுநாளும் இருந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம்தானே, நேரே போய்விடலாம் என்று விட்டுவிட்டேன்.

தங்காக்கில் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு முந்தின நாள் ரெங்கம் வந்து இறங்கினேன். லயத்தில் எங்கள் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அத்தை, அதாவது என்னைத் தவிட்டுக்கு வாங்கியவள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஆத்தாடி!" என்று அலறி முறத்தை எறிந்தாள். பிறகு குனிந்து என் கால்கள் தரையில் படுகின்றனவா என்று பார்த்தாள்.

"நீ செத்துல்ல போயிட்ட!"

அவள் என்னைத் தொட்டுப் பார்த்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய நேரமாயிற்று. அதற்குப் பிறகுதான் விஷயம் வந்தது.

"ஒங்கம்மா காய்ச்சல்ல படுத்து ஆஸ்பத்திரில கெடந்தா. ஒரு தரம் மூஞ்சியக் காட்டிட்டுப் போன்னு காயிதம் எழுதச் சொன்னா. நீ குடுத்த சீட்டைக் கிராணிகிட்ட நீட்டுனேன். வேணவே வேணாம்னுட்டா. சீக்குன்னு சொல்ற காயிதத்துல அந்த அழகுப் பேரைப் போட்டா, எமனுக்கு நாமளே வழி காட்டுன மாதிரியாம். அவ வச்ச பேருதான் போடணும்னு ஒரே புடிவாதம்."

"அப்பறம்?"

"காயிதம் திரும்பி வந்திருச்சி. அந்தப் பேருல ஆளே இல்லன்னு எழுதியிருக்குன்னு கிராணி படிச்சாரு. அவ கத்தக்கூட இல்லடா. 'சொன்னேன், கேட்டானா பாவி'ன்னா. ஆஸ்பத்திரிய வுட்டு எழுந்து வந்துட்டா. ஒன் பழைய சட்டைய வச்சி ஒனக்குக் கருமாதி செஞ்சா. அதுக்கப்பறம் கஞ்சி குடிக்கல. ஒம்போது நாளுல போயிட்டா."

அந்த ஒன்பது நாளும் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டேன், மாலையில் கொய்யா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு ராத்திரிகூட எனக்குத் தூக்கம் கெடவில்லை.

அத்தை உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து அந்த உறையைக் கொண்டுவந்தாள். இன்னும் பிரிக்கப்படாமலே இருந்தது.

"இதத் தலைமாட்டுலயே வச்சிருந்தா. உசுரோட இருக்கிற புள்ளைய இல்லன்னு எழுதுன கை அழுகிப் போவ! நீதான் இங்கிலீசு படிச்சவனாச்சே, பாத்துச் சொல்லு. எழுதுனவன் பேரு கீழ போட்டிருக்கா?"

வாங்கிப் பார்த்தேன். எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

"பேரு போடல, அத்தை," என்றேன்.