வாய்க்கால் கரை வழியே குற்றாலம்

ஆடி மாதத்தின் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே முக்காலுக்குத் தென்காசியில் இறங்கினேன். திருநெல்வேலியில் மகள் வீட்டில் தங்கி, ஐந்து மணிப் பேருந்தைப் பிடித்திருந்தேன். ஆலங்குளம் தாண்டியதும் சாரல் பிடித்தது. குடை இருக்கிறதா என்று மூன்று முறை பையைத் துழாவிப் பார்த்தேன். இருந்தது.

நான் அருவியில் குளிக்க வரவில்லை. தூத்துக்குடியில் எங்கள் தெருவை ஒட்டிக் கடலோரமாக இரண்டரை கிலோமீட்டர் நடைவழி உண்டு. கருவாடு காயப்போடும் களத்துக்காரர் ஒருவர் ஆறு மாதத்துக்கு முன் அதன் குறுக்கே வேலி போட்டுப் பூட்டிவிட்டார். அதிலிருந்து நாங்கள் பதினோரு பேர் லாரி ஓடும் சாலையில்தான் நடக்கிறோம்; மூன்று மனு எழுதியும் பயனில்லை. போன வாரம் எங்களில் ஒருவரை லாரி உரசி முழங்கை முறிந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை களத்துக்காரரோடு பேச்சு, பேசப்போகிறவன் நான். மேலகரத்தில் இப்படி அடைபட்ட ஒரு வழியைத் திறக்கவைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, எப்படி என்று பார்க்க வந்தேன்.

ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

"குத்தாலத்துக்கா அண்ணாச்சி? அருவிப் பக்கத்துலயே எறக்கி விட்டுருதேன்," என்றார் ஓட்டுநர்.

"மேலகரம் போதும். அங்கன இருந்து நடக்கணும்."

"நடக்கதுக்கா பஸ் ஏறி வந்திய?" என்றார். உள்ளே இருந்த நான்கு பேரும் சிரித்தார்கள்.

மேலகரத்தில் பரமசிவம் காத்திருந்தார். உரக்கடை வைத்திருப்பவர், அங்கே காலையில் நடப்பவர்களைச் சேர்த்தவர். டீ பதினைந்து ரூபாய், எங்கள் ஊரைவிட மூன்று ரூபாய் அதிகம். பேருந்து நிற்கும் இடத்திலேயே பெரிய பலகை வைத்திருந்தார்கள்: 'குற்றாலம் நடைவழி, மூன்று கிலோமீட்டர், யாரும் வரலாம்'. அதைப் பார்த்துவிட்டுச் சுரண்டையிலிருந்துகூட ஞாயிறுதோறும் ஆட்கள் வருகிறார்களாம்.

ஏழேகாலுக்கு நடக்கத் தொடங்கினோம். கரை நான்கடி அகலம். வலப்புறம் வாய்க்கால், இடப்புறம் நாற்று நட்ட வயல், எதிரே மேகத்துக்குள் பாதி மறைந்த மலை. உட்காரக் கல்பலகைகள் ஐந்து, ஒன்று ஆடுகிறது. வழுக்கி விழுந்தால் எந்தப் பக்கம் விழுவது நல்லது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு தோப்பு. வழியின் குறுக்கே இரும்புக் கதவு, சாத்தியிருந்தது. நான் நின்றுவிட்டேன்.

"பூட்டிட்டாங்களா?"

"தள்ளுங்க அண்ணாச்சி," என்றார் பரமசிவம்.

தள்ளினேன். திறந்துகொண்டது.

"சாத்திட்டு வாங்க, மாடு வந்துரும்," என்று உள்ளிருந்து ஒரு குரல். தோப்பின் உரிமையாளர் ஸ்டெல்லா, ஐம்பது வயதிருக்கும், கையில் மண்வெட்டியோடு வந்தார். முன்பு ஏன் பூட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன்.

"குளிச்சிட்டு வாரவன்லாம் எண்ணெ வடியுத துண்ட, வேட்டிய என் எலுமிச்சங்கன்னு மேல காயப் போடுதான். அறுவது கன்னு வச்சேன். சீசன்ல பாத்தா கன்னுக்கு ஒரு ஜட்டி காச்சிருக்கும். கெளை ஒடியாம என்ன செய்யும்?"

"எங்களுக்கு இது தெரியாது," என்றார் பரமசிவம். "நாங்க மனு குடுத்தோம், வரைபடத்தக் காட்டுனோம். இவங்க பட்டாவக் காட்டுனாங்க. ரெண்டு சீசன் போச்சு. ஒரு நா நானே குளிச்சிட்டு வந்து, பூட்டுன கதவுல என் துண்டத் தொங்கவிட்டேன்."

"கதவையும் விட்டு வைக்கலியான்னு கேட்டேன்," என்றார் ஸ்டெல்லா. "அன்னைக்குத்தான் இவருக்கு வெளங்குச்சு."

மறுநாளே பரமசிவம் தோப்புக்கு வெளியே, பொதுக்கரையில், இரண்டு பனைக்கு நடுவே நைலான் கயிறு கட்டினார். பக்கத்தில் ஒரு கல்பலகையும் போட்டார். அந்த வாரமே பூட்டு போனது. நாங்கள் தாண்டும்போது கயிற்றில் பதினான்கு துண்டுகளும் ஒரு சேலையும் காய்ந்துகொண்டிருந்தன. கன்றுகளில் எலுமிச்சைப் பிஞ்சு மட்டும்.

எட்டரைக்குக் குற்றாலம். முழங்கால் வலிக்கவில்லை. வந்தது வந்தோம் என்று அருவியின் ஓரத்தில் தலையை நீட்டினேன். ஆறு மாதமாகத் தலைக்குள் ஓடிய எங்கள் மனுக்களின் வாசகங்கள் அந்த இரைச்சலில் கேட்கவில்லை.

கரையேறியதும் ஊரில் எங்களோடு நடக்கும் ஆரோக்கியம் என்பவருக்குப் போன் செய்தேன்.

"களத்துக்காரரு ஏன் வேலி போட்டாராம்?"

"ஏன் போட்டா என்ன? அது பொது வழில்லா?"

"அவருகிட்ட ஒருதரமாவது கேட்டோமா வே?"

ஆரோக்கியம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நம்ம பிரான்சிஸ் தெனம் நாய்களுக்கு பிஸ்கெட் போட்டுக்கிட்டே வருவாருல்லா. ஏழெட்டு நாய் பின்னாலயே வரும்."

"களத்து வழியாவா?"

"வேற எது வழி?"

காயப்போட்ட கருவாட்டுக்கு நடுவே தினமும் ஏழெட்டு நாய்களை அழைத்துப் போயிருக்கிறோம். போய்விட்டு, எங்கள் உரிமை என்று மூன்று மனுவும் எழுதியிருக்கிறோம். வெட்கப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியதுபோல் இருந்தது. களத்துக்காரரும் பட்டாவை நீட்டுவாரோ என்பதுதான் என் பயம். நாய்களை வேறு தெருவுக்குத் திருப்பிவிடலாம்.

"அப்ப ஞாயித்துக்கெழம என்ன எடுத்துக்கிட்டுப் போவோம்? வரைபடமா, மனுவா?" என்றார் ஆரோக்கியம்.

"ரெண்டும் வேண்டாம். பிரான்சிஸக் கூட்டிட்டு வாரும். பிஸ்கெட் இல்லாம வரச் சொல்லும்."