முயலுக்கு டாக்டர் பார்த்த கதை

நான் சொன்ன கதைகளிலேயே நன்றாக ஓடியது ஒரு முயல் கதைதான். டீக்கடையில், செக்கிங் டேபிளில், கல்யாண வீட்டுப் பந்தியில், எங்கே நாலு பேர் கூடினாலும் "அந்த முயல் கதையச் சொல்லுங்க" என்பார்கள். நானும் பிகு பண்ணிக்கொள்ளாமல் எழுந்து நின்று, கை கால் எல்லாம் ஆட்டிச் சொல்வேன். இப்போது சொல்வதில்லை.

துணி ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா முறை ஒழிந்து ஆர்டர்கள் கொட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. வேலம்பாளையத்தில், வெளிநாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்பு தைக்கிற கம்பெனியில் குவாலிட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். அதாவது, அடுத்தவன் செய்த வேலையில் குறை சொல்வதற்குச் சம்பளம். துணியில் ஒரு கறை இருந்தால் சாயம் போட்ட டையிங்காரர், துணி பின்னின நிட்டிங்கைக் காட்டுவார். நிட்டிங்காரர் நூலைக் காட்டுவார். நூல் மில்காரர் பருத்தி விளைந்த மண்ணைக் காட்டுவார். யார் எங்கே கை காட்டினாலும் விடாமல் பின்னாலேயே போய் மூலத்தைப் பிடித்துவிடுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை வைத்தவனும் நான்தான்.

வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும். அவளுக்காக ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வந்தேன். இரண்டும் பெண் என்று விற்றவர் அடித்துச் சொன்னார். கம்பெனியில் ஒரு ஜட்டியைக்கூட உள்ளே வெளியே திருப்பிப் பார்க்காமல் விடாதவன், முயலைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை மாதத்தில் ஏழு குட்டிகள்.

குட்டிகளை அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். பின்வரிசையில், கம்பெனி வேலைக்காகத் தெற்கேயிருந்து வந்த ஒரு குடும்பம் இரண்டு குட்டி வாங்கிப் போனது. சில வாரம் கழித்து என் மனைவி அந்த அம்மாவிடம் குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று ஆசையாகக் கேட்டாள்.

"நல்ல ருசிக்கா! போன ஞாயித்துக்கிழமதான் குழம்பு வச்சோம். உங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்து விடணும்னு நெனச்சேன், பிள்ளைக விடல."

அந்த அம்மாவிடம் எந்தத் தப்பும் இல்லை. முயலை வேறு எதற்கு வளர்ப்பார்கள்? ஆனால் என் மனைவி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சொன்னாள்: "இனி இந்த ஊட்டுல ஒரு குட்டி பொறக்கக் கூடாதுங்க. பொறந்தா அது யாரோ ஒருத்தரு ஊட்டுக் குழம்புக்குத்தான். ஆணுக்கு ஆபரேஷன் பண்ணிப் போடலாம்."

ஆண் முயலை நாங்கள் பெரியவன் என்று கூப்பிடுவோம். அவனுக்கு டாக்டர் தேடினேன். தேடினேன் என்பது பெரிய வார்த்தை. சாயத்தின் ஷேடு பார்க்க வீரபாண்டிப் பக்கம் ஒரு டையிங் பட்டறைக்கு வாரம் இரண்டு தடவை போவேன். போகிற வழியில் மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் ஒரு வயசான கால்நடை டாக்டர் இருந்தார். காளை, எருமை, நாய் எல்லாம் பார்ப்பார். முயலும் பார்ப்பாரா என்று கேட்டேன். "பாக்கறதுதானுங்க தம்பி" என்றார். அவ்வளவுதான் விசாரணை.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. பெரியவனுக்குச் சொகுசாக இருக்கட்டும் என்று கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து வைத்திருந்த, வெட்டி மிஞ்சின துணியை, கட்டிங் வேஸ்ட்டை, அவன் கூண்டில் இன்னும் கனமாக மெத்தை போட்டேன். அந்த சீசன் ஆர்டர் முழுக்க ரோஸ் கலர். கழுத்துப் பட்டை ரிப்பில் லைக்ரா என்கிற ரப்பர் போல இழுபடும் நூல் ஓடும், பூப்போல இருக்கும். எங்கள் ஊரில் வண்டி துடைப்பது, தலையணை அடைப்பது, கதவு இடுக்கை அடைப்பது எல்லாமே பனியன் வேஸ்ட்தான். "மவராசா, வெளிநாட்டுக் கொழந்தை போடற துணியில படுத்திருக்கற" என்று அவன் காதைத் திருகினேன்.

இரண்டாம் நாள் அவன் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் போய்விட்டான்.

அந்த ரோஸ் துணியிலேயே அவனைச் சுற்றி என் மனைவி மார்போடு அணைத்துக்கொண்டாள். அவளைப் பின்னால் உட்கார வைத்து வண்டியை டாக்டரிடம் ஓட்டினேன். தீவனக் கடைக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். டாக்டர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். வயிற்றைத் திறந்து பார்க்கட்டுமா என்றார். உள்ளே கொண்டுபோனார். கொஞ்ச நேரம் கழித்து ஈரக் கையோடு வந்து, என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார்.

"மயக்க மருந்து சில உருப்படிக்கு ஒத்துக்கறதில்லீங்க. மன்னிச்சுக்குங்க." அப்புறம், "ஊட்டுல இன்னொண்ணு இருக்குதுங்களா? அதுக்குத் துணி போட வேண்டாமுங்க. வைக்கோல் போடுங்க."

இப்படித்தான் என் கதை பிறந்தது. ஒரே வாரத்தில் அதற்குக் கை கால் முளைத்தது. காளைக்குக் காயடிக்கிற இடுக்கியைத் தூக்கிக்கொண்டு டாக்டர் முயலைத் துரத்துவதாக நடித்துக் காட்டுவேன். அவர் இடுக்கியைத் தொடக்கூட இல்லை. சாகிறதுக்கு முன்னால் பெரியவன் போட்ட புழுக்கையெல்லாம் நூலில் கோத்த பாசிமணி போல வரிசையாக வந்ததைச் சொல்லி, "டெலிவரி நேரத்துலகூட பினிஷிங் பண்ணி அனுப்பிச்சான் பாருங்க, எக்ஸ்போர்ட் கம்பெனி முயலு!" என்பேன். கடைசியில் டாக்டர் குரலில், "கொன்னு போட்டேனுங்க, ஆனா மெத்தைக்கு வைக்கோல்தான் நல்லதுங்க" என்று முடிப்பேன். டேபிளே குலுங்கும்.

கதை நன்றாக ஓடியது. எங்கள் தெருவில் நாய் வளர்த்தவர்கள் வேறு டாக்டரிடம் போக ஆரம்பித்தார்கள். பரவாயில்லை, நம் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரியவன் போய்ப் பத்து நாளில் பெண் முயல் கடைசியாக ஒரு ஈடு குட்டி போட்டது. அதில் ஒன்றே ஒன்று பிழைத்தது. வெள்ளை, ஆண். அப்பனை உரித்து வைத்தது போல இருந்ததால் சின்னவன். என் மனைவி கூண்டிலிருந்த துணியையெல்லாம் வாரி வெளியே போட்டுவிட்டு வைக்கோல் பரப்பினாள்.

"கொலைகாரன் பேச்சக் கேக்கறயா?" என்று சிரித்தேன்.

"சொன்னாரில்லீங்க. போட்டா என்ன இப்ப?" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு சத்தம் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்களைச் சுற்றி எல்லா வீட்டிலும் பவர் தையல் மெஷின் ஓடும். அந்த இரைச்சலில் பிறந்து வளர்ந்த காது, அதைக் கேட்பதேயில்லை. சாயங்காலம் கரண்டு போனதும் அத்தனை மெஷினும் ஒரே நொடியில் நின்று, தெருவே மூச்சு விடாமல் நிற்கும். அப்போதுதான் அது கேட்கும். பெரியவன் படுத்திருந்த மூலையில் பெண் முயல் போய் நின்று, பின்னங்காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டும். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. யாரோ கதவைத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது போல. நான் உடனே ஏதாவது பேச ஆரம்பித்துவிடுவேன். யாரும் இல்லாவிட்டால் என்னோடு நானே ஜோக் அடித்துக்கொள்வேன். கரண்டு வருகிற வரைக்கும் வாய் மூடாது.

சின்னவனுக்கு நாலு மாதம் ஆனதும் அப்பன் புத்தி வந்துவிட்டது. தாயையும் மகனையும் பிரிக்க ஒரு பார்சல் அட்டையைக் குறுக்கே நிறுத்தினேன். ஒரே நாளில் அதைக் கடித்து வாசல் வைத்துவிட்டான். ஒன்று ஆபரேஷன், இல்லையென்றால் அவனை யாருக்காவது கொடுக்க வேண்டும். கொடுத்தால் குழம்பு.

"இந்தத் தடவ நல்லா விசாரிச்சுப் பண்ணுங்க" என்றாள் மனைவி. "இவனும் போயிட்டான்னா நான் அந்தக் கூண்டப் பாத்துட்டு இந்த ஊட்டுல இருக்க மாட்டனுங்க."

விசாரித்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் பசுக்களுக்கு நடுவே என் கூடையை எட்டிப் பார்த்த டாக்டர், "கறிக்குத்தானுங்களே? அதுக்கெதுக்கு ஆபரேஷன்?" என்றார். ஏசி வைத்த புது கிளினிக்கில் இளம் டாக்டர், "படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் சார், நாளைக்கு வாங்க" என்றார். படித்துப் பார்த்துவிட்டுத் தைக்கிறேன் என்று எந்த டெய்லரும் என்னிடம் சொன்னதில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மூன்றாவதாகப் போனது ஒரு பெண் டாக்டரிடம். முப்பது வயசு இருக்கும். சின்னவனை மடியில் வைத்துப் பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முன்பு வளர்த்ததற்கு என்ன ஆச்சு என்று கேட்டார். கேட்கலாமா! எழுந்து நின்று முழுக் கதையையும் சொன்னேன். இடுக்கிக்கு அவர் சிரித்தார். பாசிமணிக்குச் சிரிக்கவில்லை.

"நூல்ல கோத்தாப்லயா? நெசமாவேங்களா?"

"நெசமாவேங்க. நானே எடுத்துத் தொங்கவிட்டுப் பாத்தேன்."

"அதோட முடியா இருக்கும் சார். நக்கி நக்கி உள்ள போயிரும். என்ன நிறம்?"

"ரோஸுங்க" என்றேன்.

அவர் சின்னவனின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்: "அதுவும் இவனாட்டம் வெள்ளைங்களா?"

"ஆமாங்க."

"வெள்ளை முயலுக்கு ரோஸ் முடி ஏதுங்க சார்?"

நான் நின்றபடியே இருந்தேன். கதைக்காகத் தூக்கிய கை அப்படியே அந்தரத்தில் இருந்தது. நாலு மாதத்துக்கு மேலாக எத்தனையோ பேரிடம் அந்த நூலைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஊரில் உள்ள கறைக்கெல்லாம் மூலம் தேடுகிறவன், என் கையில் தொங்கிய நூலை ஒரு தடவைகூடப் பின்தொடரவில்லை.

"துணியக் கொறிச்சிருக்குது. லைக்ரா கலந்ததுன்னா குடல்ல போய் அடைச்சுக்கும்" என்றார் அவர். அப்புறம், "தையல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். சுத்தமாக, காய்ந்து இருந்தது என்றேன். "அப்ப அவர் வேலை நல்ல வேலைங்க சார். நான் முயலுக்கு ஒண்ணுகூடப் பண்ணுனதில்ல. எனக்குத் தெரிஞ்சு இங்க பண்ணிப் பழக்கம் உள்ளவர் அவர் ஒருத்தர்தான். அவருகிட்டயே போங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். வைக்கோலை உதறிக்கொண்டிருந்தவள் நிறுத்தாமல் உதறினாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவரு வைக்கோல்னு சொன்னப்ப சந்தேகமா இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"நீங்க அந்தக் கதையச் சொல்லி அவ்வளவு சிரிச்சுட்டுத் திரிஞ்சீங்க. சிரிக்கற மனுசன எப்படிங்க நிறுத்தறது?"

மறுநாள் சின்னவனைக் கூடையில் வைத்து வீரபாண்டிக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். தீவனக் கடைக்குப் பின்னால் பெஞ்சு காலியாக இருந்தது. முன்பெல்லாம் அங்கே நாயைப் பிடித்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க தம்பி. இது அதோட குட்டிங்களா? அப்படியே இருக்குதே."

மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அன்னிக்கு வயித்தத் தொறந்தப்ப பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"பாத்தனுங்க. வெரல் தண்டிக்கு நூலுங்க. ரோஸ்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்களே. நான் ஊரெல்லாம் உங்களப் பத்தி..."

"கேள்விப்பட்டனுங்க" என்றார். "நீங்க நல்லா நடிச்சுக் காட்டுவீங்களாம். தீவனக் கடைக்காரரு வந்து சொன்னாரு." கூடையைத் திறந்து சின்னவனைத் தூக்கினார். "உங்க ஊட்டம்மா அந்தத் துணியிலயே அதச் சுத்திப் புடிச்சுட்டு நின்னாங்க தம்பி. அப்ப எப்படிங்க சொல்றது? வைக்கோல் போடுங்கன்னு சொன்னேன். இன்னொண்ணு பொழைக்கோணுமில்ல."

ஆபரேஷன் நடந்த அரை மணி நேரமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஜோக்கும் வரவில்லை.

அப்புறம் மூன்று நாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கூண்டுக்கு எதிரில் உட்கார்ந்தேன். முதல் நாள் சாயங்காலம் அவன் ஒரு கொத்தமல்லித் தழையைக் கடித்தான். இரண்டாம் நாள் காலையில் வைக்கோலில் ஒரு புழுக்கை கிடந்தது. எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில், துணி வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கு அனுப்புகிற சாம்பிளைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உடைத்தும் பார்த்தேன். நூல் இல்லை. மனைவி என்னைப் பார்த்து, அந்த வருஷத்தில் முதல் தடவையாக, வாய்விட்டுச் சிரித்தாள். சின்னவன் பிழைத்துக்கொண்டான். கொஞ்ச வாரத்தில் நடுவே நிறுத்தின அட்டையும் தேவைப்படவில்லை.

ஆனால் கதை சாகவில்லை. டீக்கடையில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே, "பழசுதானுங்க நல்லா இருக்குது" என்றார்கள். அந்த வயசான டாக்டரின் பெஞ்சில் அப்புறமும் பெரிய கூட்டத்தை நான் பார்க்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் அவர் தன் மகள் இருக்கிற ஊருக்கே போய்விட்டதாகத் தீவனக் கடைக்காரர் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

அதற்கும் பிறகு ஒரு நாள், எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு பனியன் யூனிட்டுக்கு இன்ஸ்பெக்ஷன் போயிருந்தேன். டீ வந்த நேரத்தில், என்னை முன்பின் தெரியாத கட்டிங் மாஸ்டர் ஒருவர், "வீரபாண்டிப் பக்கம் ஒரு டாக்டர் இருந்தாருங்க" என்று ஆரம்பித்தார். இடுக்கி இருந்தது. பாசிமணி இருந்தது. நான் சேர்க்காத ஒரு சாராய பாட்டிலும் டாக்டர் கையில் இருந்தது. டாக்டர் குரலுக்கு நான் போட்ட அதே இழுவையோடு, "வைக்கோல்தான் நல்லதுங்க" என்று முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அந்த முயலக் கொன்னது டாக்டர் இல்லீங்க" என்றேன். "நாந்தான். நான் போட்ட துணியத் தின்னுதான் செத்துச்சு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மாஸ்டர் கத்தரியை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"அடடா! இது இன்னும் நல்லா இருக்குதுங்களே! இனி இப்படியே முடிச்சுப் போடறேன்."

டேபிள் குலுங்கியது. அந்நேரம் பார்த்துக் கரண்டு போய், மெஷின்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. டேபிளுக்கு அடியில், என் காலடியில், வெட்டின துணி மெத்தென்று குவிந்து கிடந்தது. என்ன நிறம் என்று நான் குனிந்து பார்க்கவில்லை.