ஊத்துக்குளிதான் ஊட்டி

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்தவர் அவர். ஒல்லியான ஆள், புருவத்தில் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும். தங்கை கல்யாணக் கடனை அடைத்துவந்த மூன்று வருடமும், ஞாயிறுதோறும் மனைவியையும் இரண்டு பெண்களையும் பாசஞ்சர் ரயிலில் அடுத்த ஸ்டேஷனான ஊத்துக்குளிக்குக் கூட்டிப்போவார். பிளாட்பார மரத்தடியில் கட்டுச்சோறு சாப்பிட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்புவார்கள்.

“எங்களுக்கு அதுதானுங்க ஊட்டி” என்பார்.

கடைசித் தவணை கட்டிய சனிக்கிழமை எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கித் தந்தார்.

“இனி நெஜ ஊட்டிக்கே போலாமுங்களே” என்றேன்.

“நானும் சொன்னனுங்க. அங்க டேசன்ல உக்காந்து சாப்புட உடுவாங்களான்னு சின்னவ கேக்கறா. நீங்க போயிருக்கீங்கல்ல, உடுவாங்களா?”

நான்கு முறை போயிருக்கிறேன். எங்கே உட்கார்ந்து சாப்பிட்டேன் என்றுதான் நினைவில்லை.