நெடுந்தீவுக்காரி

நான் பிறந்தது சாவகச்சேரியில். ஒரு குதிரையை முதன்முதலில் கிட்ட நின்று பார்த்தது இருபத்தைந்து வயதில், ஜேர்மனியில் ஹம் நகரத்திலிருந்து ரயிலும் பஸ்ஸும் பிடித்துப் போன ஒரு பண்ணையில். இந்த இரண்டு விஷயத்தையும் மூன்றரை வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

பொய்யைத் தொடக்கியது என் பெரியம்மாவின் மகள். ஹம்மில் அந்த அக்காவின் வீட்டில்தான் நான் ஒட்டிக்கொண்டிருந்தேன். என் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். கையில் இருந்தது டுல்டுங் மட்டும். உன்னைத் திருப்பி அனுப்புவதை இப்போதைக்குத் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்று சொல்லும் கடதாசி அது. சில மாதங்களுக்கு ஒருமுறை அலுவலகத்தில் நேரம் குறித்து, டெர்மீன் எடுத்துப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அவுஸ்பில்டுங் ஒன்று கிடைத்தால் அந்தத் தொழிற்பயிற்சி நடக்கும் மூன்று வருடமும் அனுப்பமாட்டார்கள். முடித்து, படித்த தொழிலிலேயே வேலையும் இருந்தால் விசா அட்டை கிடைக்கும். இடையில் விட்டால் எல்லாம் போச்சு.

அக்கா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கேட்டோம். என் டொச் மொழி போதாது என்றார்கள். இரண்டு பேக்கரிகளும் ஒரு பூக்கடையும் பதிலே போடவில்லை. கடைசியில் அக்காவின் கண்ணில் பட்டது, ஆள் கிடைக்காமல் மாதக்கணக்காக விளம்பரம் போட்டுக்கொண்டிருந்த ஒரு குதிரைப் பண்ணை. எனக்குக் குதிரையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாதே என்றேன். அவள் கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"நெடுந்தீவில குதிரை நிக்குதுதானே. நீ அங்க பிறந்தனி எண்டு எழுதுறன். இவையளுக்கு நெடுந்தீவும் தெரியாது, சாவகச்சேரியும் தெரியாது."

கடவுச்சீட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றுதான் இருந்தது. இரண்டு ஊரும் அந்த மாவட்டம்தான், ஆகவே பொய் எங்கேயும் இடிக்கவில்லை. நெடுந்தீவுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூடச் சுற்றுலாவில். குறிகட்டுவான் துறையில் படகு ஏறியதிலிருந்து வாந்தி. வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் குதிரை பெருக்கிய லாயத்தின் கல்தூண்களைக் காட்டினார்கள். அவர்கள் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள் தூரத்தில் மேய்ந்துகொண்டிருந்தன. கிட்டப் போனால் உதைக்கும் என்று ஆசிரியை சொன்னார். நான் போகவில்லை. என் குதிரை அறிவு அவ்வளவுதான்.

பண்ணையின் சொந்தக்காரி ஐம்பது வயதுப் பெண். நான் அவரை எப்போதும் செஃபின் என்றுதான் கூப்பிடுவேன், முதலாளியம்மா என்று வைத்துக்கொள்ளலாம். குதிரைகளை வளர்த்தது அவருடைய கணவர். முந்தின வருடம் மாரடைப்பில் போய்விட்டார். செஃபின் அதுவரை ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பு மேசையில் இருந்தவர். குதிரையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் கணவர் சாப்பாட்டு மேசையில் சொன்னவை மட்டும். ஆனாலும் ஐந்து பெட்டைக் குதிரைகளையும் விற்க மனமில்லை. நேர்முகத்துக்கு நான் போன அன்று, இணையத்தில் தேடி எடுத்த நெடுந்தீவுக் குதிரைகளின் படம் லாயக் கதவில் ஒட்டியிருந்தது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கணவர் போன பிறகு இன்றைக்குத்தான் நன்றாக மூச்சு விடுகிறேன் என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எந்த மனிசருக்கு வாய் வரும்? தலையாட்டினேன்.

இவை பந்தயத்தில் ஓடும் குதிரைகள் அல்ல. ஏரும் வண்டியும் இழுக்கவென்று இந்த நாட்டில் பரம்பரை பார்த்துப் பெருக்கிய பாரக் குதிரைகள். ஒன்று ஒரு தொன் எடை வரும். குளம்பு சோற்றுக் கோப்பை அளவு. முதல் மாதம் அவற்றுக்கு மயிர் வாரிவிடும்போது எட்ட நின்று கையை மட்டும் நீட்டுவேன். செஃபின் வாசலில் நின்று, என் கை எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று மெச்சுவார். பயத்தில் போகாத கையை மெதுவான கை என்று ஒரு மனிசி மெச்சினால் என்ன செய்வது?

அதோடு விடவில்லை. குதிரையின் கண்ணில் மொய்க்கும் இலையானுக்கு உங்கள் தீவில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார். வேப்பம் புகை என்பேன். குளம்பு வெடித்தால்? தேங்காய் எண்ணெய் என்பேன். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். குதிரைக் கண்காட்சியில் நடுவர்களிடம் என்னைக் கூட்டிப்போய், குதிரைத் தீவில் பிறந்த பிள்ளை என்று அறிமுகப்படுத்துவார். சிரித்துச் சிரித்தே என் தாடை நொந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் பூட்டன் பூட்டி வரைக்கும் எழுதிய வம்சக் கடதாசி உண்டு. அதில் ஒரு பிழை இருந்தால் பதிவேட்டிலிருந்தே தூக்கிவிடுவார்கள். அந்தக் கடதாசிகளை நிரப்புவதும் நான்தான். குதிரைக்குப் பொய் எழுத விடாத ஊரில் எனக்கு எழுதியாயிற்று என்று எரிச்சலாக வரும்.

லாயத்துக்கு மேலே எனக்கு ஓர் அறை. ஞாயிற்றுக்கிழமையில் பஸ் இல்லை. மழைக் கோட்டு, சப்பாத்து, குளிருக்குக் கம்பளி, எல்லாம் அவரே வாங்கித் தந்தார். கெட்ட மனிசியாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொய் சொல்லியிருப்பேன். அவருடைய நல்ல குணம்தான் என்னைக் கட்டிப்போட்டது. விட்டுப் போகவும் ஏலாது, நிமிர்ந்து நிற்கவும் ஏலாது.

முதல் மாரியில் குதிரைகளுக்கு ஊசி போட ஒரு இளம் மிருக வைத்தியர் வந்தார். பெண். நான் எங்கே பிறந்தேன் என்று செஃபின் சொன்னதும் அவருடைய முகம் மலர்ந்தது. கலியாணம் முடித்த கையோடு கணவருடன் நெடுந்தீவுக்குப் போனவராம். பவளக் கல் வேலிகளைப் பற்றிச் சொன்னார். இறங்குதுறையிலிருந்து உங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். வாளி நிரம்பி வழிகிறது என்று சொல்லிக்கொண்டு ஓடினேன். அடுத்த முறை படங்கள் கொண்டுவருகிறேன் என்று முதுகுக்குப் பின்னால் சொன்னது கேட்டது. அதன் பிறகு அவருடைய காரைக் கண்டால் சாணி வண்டியோடு வயல் பக்கம் போய்விடுவேன்.

வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிபோல, சினையாக இருந்த பெரிய செங்குதிரைக்குப் பன்னீர்க்குடம் உடைந்தது. படுத்தது. முக்கியது. ஒரு கால் வெளியே வந்தது, மற்றது வரவில்லை. குதிரைக்குப் பிரசவம் மாட்டைப்போல இழுபடாது. அரை மணிக்குள் குட்டி வெளியே வரவேண்டும், ஒற்றைக் கால் மட்டும் தெரிந்தால் உடனே வைத்தியரைக் கூப்பிட வேண்டும். தொழிற்பள்ளியில் படிப்பித்தார்கள். என் கையாலேயே எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

செஃபின் கையில் தொலைபேசி. வாசலுக்கும் குதிரைக்குமாக நடந்துகொண்டிருந்தார். அவர் டொச்சில் கேட்டதை எங்களுடைய தமிழிலேயே எழுதுகிறேன்.

"கூப்பிடட்டே? உங்கட தீவில இப்ப என்ன செய்வினம்?"

கூப்பிட்டால் வரப்போவது அந்த வைத்தியர். எனக்குக் குதிரை தெரியவில்லை, கால் தெரியவில்லை. அவருடைய கையிலிருக்கும் நெடுந்தீவுப் படங்கள்தான் தெரிந்தன.

"எங்கட ஊரில ஒருத்தரையும் கூப்பிடுறேல்லை. கொஞ்சம் பாப்பம்."

அவர் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். அவ்வளவு நம்பிக்கை. நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். கால்மணி போனது. குதிரை கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது, திரும்பவும் முக்கியது. அரை மணி தாண்டிய பிறகுதான், இனிக் கூப்பிடுங்கோ என்று சொன்னேன். வைத்தியர் வந்து சேர இன்னும் முக்கால் மணி. தோள்வரைக்கும் கையை விட்டு மடங்கிய காலை நேராக்கினார். மூன்று பேரும் கயிறு கட்டி இழுத்தோம். பெட்டைக்குட்டி. இமை மயிர்கூட முளைத்திருந்தது. உயிர் இல்லை. தாய் வெகுநேரம் அதை நக்கிக்கொண்டே இருந்தது.

பன்னீர்க்குடம் எப்போது உடைந்தது என்று வைத்தியர் கேட்டார். செஃபின் நேரத்தைச் சொல்லி, பிந்திக் கூப்பிட்டது தன்னுடைய பிழை என்றார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை அவர் சூப் வைத்துத் தந்தார். நீ பக்கத்தில் நின்றபடியால்தான் தாயாவது பிழைத்தது என்றார். விக்கி விக்கி அழுதேன். அதற்குப் பிறகு பல நாள், குதிரையின் கண்ணைப் பார்க்காமலே தீனி வைத்தேன். அக்காவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் கொட்டினேன். வாயை மூடிக்கொண்டு சோதனையை முடி, குட்டிக்காக உன்னைக் கொழும்புக்கு ஏற்றினால் சந்தோசமா என்று கேட்டாள். அவள் சொன்னதிலும் பிழையில்லை. எனக்கு என்மேல்தான் வெறுப்பு.

அடுத்த இரண்டு வருடமும் செங்குதிரைக்குச் சினை பிடிக்கவில்லை. மூன்றாம் வருடம் பிடித்தது. நானும் சோதனையில் தேறினேன். மாசி மாதம் அலுவலகத்தில் விசா அட்டையை வாங்கி, அதைப் பையில் போட்டுக்கொண்டு பண்ணைக்குத் திரும்பினேன். செஃபின் அப்பிள் கேக் சுட்டு வைத்திருந்தார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோசமும் புளுகமும். சாப்பிடும்போது, குட்டி வர இன்னும் ஆறு கிழமை என்று சொன்னார். இந்த முறை நான் பதறமாட்டேன், நீ கூப்பிடு என்று சொல்லும்வரை தொலைபேசியைத் தொடவே மாட்டேன் என்றார்.

முள்ளுக்கரண்டியை வைத்தேன். தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன். நான் நெடுந்தீவில் பிறக்கவில்லை, அது அக்கா எழுதிய பொய், நான் தலையாட்டினேன், வேப்பம் புகையும் தேங்காய் எண்ணெயும் நான் கட்டிய கதை. அவர் கத்துவார், வெளியே போ என்பார் என்று காத்திருந்தேன். அவரோ, வேறு வழியில்லாதவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள், நானும் எழுதியிருப்பேன் என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு இன்னொரு துண்டு வெட்டக் கத்தியை எடுத்தார். வெட்டவில்லை.

"அப்ப அண்டைக்கு, கொஞ்சம் பாப்பம் எண்டு சொன்னது ஆர்?"

நான்தான் என்றேன். கூப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டே சொன்னேன், வைத்தியர் என்னைப் பிடித்துவிடுவார் என்ற பயத்தில் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டு லாயத்துக்குப் போனார்.

பங்குனியில் குட்டி உயிரோடு பிறந்தது. செங்குதிரை படுத்த உடனேயே செஃபின் வைத்தியரைக் கூப்பிட்டுவிட்டார். என்னை அவர் அனுப்பவில்லை. அட்டை இன்னும் இரண்டு வருடம் இந்தத் தொழிலில்தான் இருக்கச் சொல்கிறது, நானும் இருக்கிறேன். காலை வணக்கம் சொல்கிறார், சம்பளக் கடதாசி தருகிறார், கயிற்றைப் பிடி என்கிறார். குதிரையைப் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.