சிவப்புப் பொட்டு வைத்த சோகிகள்

சித்தி ஒரு கள்ளி என்பது எனக்கு ஐந்து வயதிலேயே தெரியும். எனக்கென்று வாங்கிவரும் ரொபியில் பாதி அவர் வாயில்தான் கரையும். அப்படிப்பட்டவர் ஓர்ஸ் ஹில்லில் ஒரு முன்பள்ளியில் பயிற்சி ரீச்சராகி, என்னையும் அங்கேயே சேர்த்துக்கொண்டார். நான் உசாராகத்தான் இருந்தேன்.

பின்னேரங்களில் வீட்டில் என்னை வைத்துப் பாடம் பழகுவார். சல்லிக் கடற்கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பிகளைப் பிஸ்கட் பேணியிலிருந்து கொட்டி, எனக்கு ஏழு, தனக்கு ஏழு என்று நேருக்கு நேர் அடுக்குவார். சமன் என்று நான் ஒப்புக்கொண்டதும், தன் வரிசையை மட்டும் அகட்டி வைப்பார். அது பாய் விளிம்புவரை போய்விடும்.

“இப்ப ஆரிட்டக் கூட?”

“உங்களிட்ட.”

“எப்பிடியடி? முதல் சமன் எண்டு சொன்னனீ!”

எப்படியென்று அவருக்குத்தானே தெரியும்! இடது கைக்குள் கள்ளச் சோகி வைத்திருக்கிறார், நான் கண் சிமிட்டும் நேரத்தில் நுழைத்துவிடுகிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஒருநாள் அம்மாவின் நகப்பூச்சை எடுத்து, பேணியிலிருந்த எல்லாச் சோகிக்கும் வயிற்றுப் பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்தேன். பொட்டில்லாத சோகி வந்தால் ஆள் அகப்பட்டார்.

அடுத்த நாள் அந்தப் பேணி முன்பள்ளிக்குப் போனது. பாடம் பார்க்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். அவர் சரி சொன்னால்தான் சித்திக்கு வேலை நிலைக்கும். இல்லாவிட்டால் பழையபடி புடவைக்கடைதான். சித்தி மற்றப் பிள்ளைகளையே கேட்டார், என் பக்கம் திரும்பவே இல்லை. மேடம் விடவில்லை.

“அந்தப் பிள்ளையைக் கேளுங்கோ, ரீச்சர்.”

சித்தியின் முகம் செத்துப்போயிற்று. சோகிகளை அடுக்கினார், தன் வரிசையை அகட்டினார். நான் அவசரப்படவில்லை. அவருடையதை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பொட்டு இருந்தது. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

“ரெண்டும் சமன்,” என்றேன்.

“என்னெண்டு சொல்லுறீங்கள்?” என்று மேடம் கேட்டார்.

“புதுசா ஒண்டும் வரேல்ல. நான் பார்த்தனான்.”

மேடம் கை தட்டினார். “பிள்ளைக்கு வடிவா விளங்கியிருக்கு.”

சித்திக்கு வேலை நிலைத்தது. இன்றைக்கும் பெற்றோர் கூட்டங்களில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லுகிறார்.

எனக்கு விளங்கியது வேறு. மேடம் பார்த்துக்கொண்டிருந்தபடியால் அன்றைக்குச் சித்திக்குச் சுத்துமாத்துச் செய்ய ஏலாமல் போயிற்று, அவ்வளவுதான். வாசல் படலையடியில் அவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது, நான் அவருடைய இடது கையை விரித்துப் பார்த்தேன்.