புகையில் நின்ற வெண்சேலையாள்

எந்தையாரின் பாரவூர்தி ஓடிய தொலைவை எவரும் அறியார். தொலைவு காட்டும் எண்கள் நான் பிறக்குமுன்னரே சுழல மறுத்து நின்றுவிட்டனவாம். அதன் பின்னரும் அது மன்னாரிலிருந்து உயிலங்குளத்திற்குக் கருவாடு கொண்டுசென்று, வைக்கோலும் விறகும் ஏற்றித் திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது அதனால்தான். ஒருமுறை போய்வர அதற்கு இரண்டு போத்தல் எண்ணெய் வேண்டும். இயந்திரத்தில் வார்த்த எண்ணெய் முழுவதும் எரிந்து நீலப்புகையாக வெளிவந்துவிடும்.

“குடிகாரனும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்காக ஒருநேரம் நிப்பாட்டுவான். உங்கட லொறி அதுவுமில்லை” என்பார் அன்னையார்.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விடுமுறை தொடங்கியதும், எந்தையார் என்னை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார். பெண்பிள்ளைக்கு லொறியில் என்ன வேலை என்று அன்னையார் தடுத்தார்.

“புகைக்குள்ள றோட்டு வடிவாத் தெரியுதில்லை. பிள்ளைக்குக் கூரான கண். ஆரிலயும் முட்டினால் எங்கட சீவியம் அதோட முடிஞ்சுது” என்றார் எந்தையார்.

புகையைப் பற்றி அவர் கூறியது மெய்யே. காற்று பின்னிருந்து வீசும் நாள்களில் அது எங்களை முந்திக்கொண்டு முன்னே சென்று சாலையை மூடும். தரைத்தகட்டின் ஓட்டைகள் வழியே உள்ளேயும் ஏறும். ஆகவே அவர் நடைவேகத்தில் ஓட்டுவார். நான் கண்டதைச் சொல்லவேண்டும். அதை எங்களிருவரின் விளையாட்டென்றே நான் கொண்டிருந்தேன்.

“என்ன தெரியுது?”

“ரெண்டு கழுதை, இடப்பக்கம்.”

“அசையுதோ?”

“இல்லையப்பா. நிண்டு யோசிக்குதுகள்.”

தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் தாம்போதியில் மட்டும் சொல்வதற்கு ஒன்றும் இராது. இருமருங்கும் ஆழமற்ற கடல், நடுவே வெறுஞ்சாலை. ஒரு பிற்பகல் சலிப்பு மிகுந்து, “வெள்ளைச் சீலை கட்டின மனிசி ஒராள் குறுக்க போறா” என்றேன்.

வண்டி நின்றது. எந்தையார் பொறுமையுடன் காத்திருந்தார்.

“கடந்திட்டாவோ?”

“ஓம்.”

அத்துணைப் பெரிய ஊர்தியும், அதனினும் பெரியவரான எந்தையாரும் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு நின்றமை எனக்குப் பெருஞ்சுவையாயிற்று. மறுநாளும் அவளை அவ்விடத்திலேயே நிறுத்தினேன். அதற்கடுத்த நாள் அவள் கையில் ஒரு பனையோலைக் கடகம் கொடுத்தேன்.

“பாவம், ஒவ்வொருநாளும் எங்க போறா?” என்று வினவினார்.

“கடலுக்குள்ள.”

எந்தையார் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டார்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நான் வாய்திறவாதிருக்க, தாம்போதி நடுவே வண்டி தானாக நின்றது.

“ஏனப்பா நிண்டனீங்கள்?”

“மனிசி நிக்கிறாவெல்லோ.”

முன்னே புகை இருந்தது, வேறொன்றும் இல்லை.

“ஒருத்தரும் இல்லையப்பா.”

“வடிவாப் பார், பிள்ளை. வெள்ளைச் சீலை. அசையாமல் எங்களைத்தான் பாக்கிறா.”

 உற்றுநோக்க நோக்க, புகைக்குள் வெண்மையான ஏதோவொன்று மெல்லத் திரும்புவதாக எனக்கும் தோன்றிற்று. நான் ஆக்கியவள் வந்துவிட்டாள் என்று நம்பினேன். கோயிலில் முதன்முறையாக நற்கருணை பெறும் புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த காலம் அது. பாவத்தை அறிக்கையிட்டால் பேய் விலகுமென்று கற்றிருந்தேன்.

“அப்பா, நான் பொய் சொன்னனான். அப்பிடி ஒராளும் இல்லை. ஒருநாளும் இருக்கேல்லை.”

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். கற்களில் நீர் மோதும் ஒலி மட்டும் கேட்டது.

“அப்ப அந்தக் கழுதையள்?”

“அது மெய்.”

“முந்தநாள் சைக்கிளில வந்த பெடியன்?”

“மெய்.”

“இண்டைக்கு, உயிலங்குளச் சந்தியில ஒருத்தரும் இல்லையெண்டு சொன்னனி. அது?”

“மெய்யப்பா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவர் சுக்கானிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்தார். என் பொய் அற்பப் பாவமா, சாவான பாவமா என்று அவர் நிறுத்துப்பார்க்கிறார் என எண்ணி அஞ்சினேன்.

இதற்குள் காற்று புகையைக் கடல்மீது கொண்டுபோய்விட்டது. வெயிலில் சாலை துலக்கிய வெண்கலம்போல் கிடந்தது. தொலைவில் பூநாரைகள் தலைகவிழ்ந்து மேய்ந்தன. எந்தையார் கண்ணாடியருகே முகத்தைக் கொண்டுசென்றார்.

“புகை போயிட்டுதோ, பிள்ளை?”

திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். இரு கருமணிகளிலும் பால் துளித்தாற்போன்ற வெண்மை படர்ந்திருந்தது. அத்தனை அருகிலிருந்து அதுவரை நான் அவர் கண்களை நோக்கியதில்லை.

வண்டியை அங்கேயே விட்டு இறங்கினோம். பின்னர் மாமா சென்று அதை ஓட்டிவந்தார். எந்தையார் அதில் மீண்டும் ஏறவேயில்லை. எண்ணெய்ச் செலவு கட்டாது என்று அன்னையாரிடம் காரணம் கூறினார். அன்று தாம்போதி நெடுகிலும் அவர் என் தோளை இறுகப் பற்றியபடி நடந்தார். பொய்க்குரிய தண்டனை அதுவென்று வலியைப் பொறுத்துக்கொண்டேன்.

“அப்பா, உங்கட கண்ணுக்குள்ள புகை பூந்திட்டுது. வீட்ட போய் நல்ல தண்ணியில கழுவினால் வெளிக்கும்.”

“ஓம் பிள்ளை.”

கிணற்றடியில் நானே ஒரு வாளி அள்ளிக்கொடுத்தேன். அவர் குனிந்து நெடுநேரம் முகம் கழுவினார். போதுமா என்று கேட்டேன். நிமிராமலே இன்னும் ஒரு வாளி கேட்டார். என் மருந்து வேலைசெய்கிறது என்று மகிழ்ந்து, கயிற்றை மறுபடியும் கிணற்றுக்குள் விட்டேன்.