அம்மா சுடிதார் போட்ட நாள்

“என்னாதான் துணி போட்டுட்டுப் போயேன், நம்ம மூஞ்சியப் பாத்தா கூட்டிப் பெருக்க வந்தவங்கன்னுதான் நெனப்பாங்க” என்றார் அத்தை. அரசு வேலைக்கான உத்தரவு என் கைக்கு வந்த அன்று, முதல் நாள் அலுவலகத்துக்கு என்ன உடுத்திக்கொண்டு போவது என்று நான் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது சொன்னது அது. அத்தை அப்பாவின் அக்கா. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். என்னை வாழ்த்துவதற்காக ஒரு முழு வஞ்சிரத்தோடு வந்திருந்தார். ஆகவே கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருக்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பத்தாம் வகுப்பைத் தாண்டியதும் நான்தான் முதல், பட்டம் வாங்கியதும் நான்தான் முதல். கூட ஓட ஆளில்லாத பந்தயம் என்றாலும் முதலிடம் முதலிடம்தானே. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

அத்தை கொண்டுவந்த வஞ்சிரத்தை வாங்கி உள்ளே வைத்தேன். துணியைப் பற்றியும் கூட்டிப் பெருக்க வருகிறவர்களைப் பற்றியும் எட்டு வயதிலேயே நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு அடைந்த அதிர்ச்சி இன்னும் முழுதாகத் தீரவில்லை.

அம்மா அப்போது புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்த்தார். பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கட்டடம். கதவுகள் என்னைப்போல் மூன்று ஆள் உயரம். கோடை விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால், அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்திருந்த அறையில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சத்தம் போடக் கூடாது. வெளியே வரக் கூடாது. கதவிடுக்கு வழியாகப் பார்க்கலாம். அதற்குத் தடை சொல்ல அம்மாவுக்குத் தோன்றவில்லை.

இடுக்கு வழியாகத் தெரிந்தது மேலாளரின் மேசை. அங்கே பழைய ஆட்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி மிசே, அதாவது ஐயா, என்று கூப்பிடுவார்கள். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார். அம்மா அவரைக் கண்டால் வாளியோடு சுவரில் ஒட்டிக்கொள்வார்.

உலகத்தைப் பற்றி அந்த வயதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் இருந்தது. பரீட்சை எழுதித் தேறியவர்களை யாரும் ஏன் என்று கேட்க முடியாது. தினமும் தலை வாரிவிடும்போது அம்மா எனக்குள் ஏற்றியது அது. அம்மாவை எல்லோரும் அதட்டினார்கள், ஏனென்றால் அம்மா பரீட்சை எழுதவில்லை. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை.

ஒருநாள் காலையில், பச்சைச் சுடிதார் போட்ட ஓர் அக்கா மேலாளரின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். எழுத்தர் தேர்வில் தேறி வேலையில் சேர வந்தவர். காரைக்காலில் விடியும் முன்பே பஸ் ஏறியிருக்கிறார். சேருவதற்கு அன்றுதான் கடைசி நாள், தவறினால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும். மேலாளர் உத்தரவை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு அக்காவையும் அப்படியே மேலிருந்து கீழ்வரை படித்தார்.

“இது காலேஜ் இல்லம்மா. கவுண்டர்ல உக்காரணும், நாலு பேர் வந்து போற எடம். இங்க பொம்பளைங்க புடவைலதான் வரணும். கட்டிட்டு வாங்க, சேத்துக்கறேன்.”

“ஆர்டர்ல அப்படி ஒண்ணும் போடலீங்களே சார்.”

“எல்லாத்தையும் ஆர்டர்ல போட முடியாதும்மா.”

பன்னிரண்டு மணிக்கு ஒரு கூட்டத்துக்குக் கிளம்புவதாகவும், போனால் அன்று திரும்ப வரப்போவதில்லை என்றும் சொல்லிவிட்டு அவர் வேறொரு கோப்பை எடுத்துக்கொண்டார். ஊருக்குப் போய் மாற்றிக்கொண்டு வருவதென்றால் பொழுது சாய்ந்துவிடும் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அவர் நிமிரவில்லை. குரலை உயர்த்தவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் பரீட்சையில் தேறிய ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடப்பதை நான் பார்த்துவிட்டேன். அப்படியானால் அம்மா தினமும் எனக்குச் சொன்னது என்ன?

அழுவதற்கு மறைவான இடம் தேடி அக்கா வந்து சேர்ந்தது என் அறைக்கு. என்னைக் கண்டதும் சட்டென்று நிறுத்திக்கொண்டு, என்ன வகுப்பு என்று கேட்டார். நாலாவது போகப்போகிறேன் என்றேன். நன்றாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தார்.

அம்மா வாளியோடு உள்ளே வந்தார். “என்னாச்சு மேடம்?” என்று நடந்ததைக் கேட்டார். கடைத்தெரு பக்கத்தில்தானே, ஓடிப்போய் ஒரு புடவை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன் என்றார் அக்கா.

“புடவை கெடைக்கும். ஜாக்கெட் எங்க கெடைக்கும்?” என்றார் அம்மா.

அக்காவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. புடவை யாருக்கு வேண்டுமானாலும் சுற்றும். ஜாக்கெட் ஒருத்திக்குத்தான். அளவு கொடுத்து ஒரு மணி நேரத்தில் தைத்து வாங்க எந்த டெய்லரிடமும் முடியாது. அம்மா ஒல்லி. அக்கா கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். அம்மா அவருடைய தோளையும் கையையும் கண்ணாலேயே அளந்தார். பிறகு தன் ஜாக்கெட்டின் பக்கத்துத் தையலை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“உள்ள மூணு தையல் இருக்கு. ரெண்டப் பிரிச்சா ஒனக்குப் புடிக்கும். நீ இதக் கழட்டிக் குடு.”

வந்தபோது மேடம் என்று அழைத்தவரை அம்மா அந்த அறைக்குள் நீ என்றதைக் கவனித்தேன். கீழே பெட்டிக்கடையில் ஓர் அட்டை ஊக்கு வாங்கி வரும்படி என்னை அனுப்பினார். வெளியே வரக் கூடாது என்ற சட்டம் அன்றைக்குத் தளர்த்தப்பட்டது.

ஊக்கோடு திரும்பி வந்து கதவைத் தட்டினேன். திறந்தவர் அம்மா. பச்சைச் சுடிதாரில் இருந்தார்.

எங்கள் தெருவில் கல்யாணமான ஒருவர்கூடச் சுடிதார் போட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு இரண்டு கால்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும்தான். அவை தனித்தனியாக வந்து நின்று நான் பார்த்தது அன்றுதான். துப்பட்டாவை என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானைபோல் இழுத்து இடுப்பில் கட்டியிருந்தார். அது என் அம்மா இல்லை. நேற்றுவரை யாரோ ஒளித்து வைத்திருந்த வேறொரு பெண். அக்கா அலமாரிக்குப் பின்னால் புடவையைப் போர்த்திக்கொண்டு நிற்க, அம்மா மறுபடி தரையில் உட்கார்ந்து, நான் பென்சில் சீவும் பிளேடால் ஜாக்கெட்டின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“கழட்டும்மா. யாராவது பாத்துடுவாங்க” என்று அழுதேன்.

“யாரு பாக்கப் போறாங்க?” என்றார் அம்மா, தலை நிமிராமல்.

அது எனக்குச் சொன்ன ஆறுதல் என்று நினைத்தேன்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது, அக்கா அம்மாவின் நீலப் பூனம் புடவையில் ஏழு ஊக்குகளோடு மேலாளரின் முன்னால் போய் நின்றார். அன்று காலை அந்தப் புடவையோடுதான் அம்மா கழிப்பறைகளைக் கழுவியிருந்தார். ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. பினாயில் வாசனை என் அறை வரைக்கும் வந்தது. மேலாளர் பார்த்தார். “இப்பதான் லட்சணமா இருக்கு” என்று பதிவேட்டைத் தள்ளினார். அக்கா கையெழுத்துப் போட்டார்.

அம்மா அப்போது அந்த மேசைக்கு இரண்டு கை தூரத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அதே மனிதர் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய அதே பச்சைச் சுடிதாரில். மேலாளர் கோப்புகளை எடுத்துக்கொண்டு எழுந்து நேராக அம்மாவை நோக்கி வந்தார்.

“வாளியத் தள்ளி வைம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்தர்கள் கடந்தார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் ஈரத்தைத் தாண்டிக் காலை வைத்தார்கள். டீ கொண்டுவந்தவர் அம்மாவிடம் காலித் தம்ளர்களைக் கொடுத்தார். மாலை வரை ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த சாமிகளுக்கெல்லாம் நன்றி சொன்னேன். ஜன்னல் வழியாக உச்சி மட்டும் தெரிந்த மாதா கோயிலையும் விட்டுவைக்கவில்லை. என் அம்மாவை அத்தனை பேர் கண்ணிலிருந்தும் காப்பாற்றியது என் வேண்டுதல்தான் என்று நம்பினேன்.

அம்மாவோ மாடிப்படிகளை இரண்டிரண்டாக ஏறிக்கொண்டிருந்தார். ஒருமுறை என் அறைக்குள் எட்டிப் பார்த்து, “இதுல கால நல்லா அகட்டி வைக்கலாம்டி. அடியில நனையவே இல்ல” என்றார். முகம் சிவந்திருந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு அவரவர் துணி அவரவரிடம் திரும்பியது. “வரேங்க மேடம்” என்று அம்மா சொன்னார். அக்கா அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், பாலத்தைக் கடக்கும்போது, இனி ஒருநாளும் சுடிதார் போடக் கூடாது என்று அம்மாவிடம் சத்தியம் கேட்டேன். அம்மா சிரித்தார். நான் விடவில்லை. கடைசியில் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் வெற்றி பெற்றவளாக அவர் மடியில் படுத்துக்கொண்டேன். புடவையின் ஈரம் என் கன்னத்தில் பட்டது.

இருபது ஆண்டுகளாக அம்மா அந்தச் சத்தியத்தை மீறவில்லை. முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விடும் வரைக்கும் நனைந்த புடவையோடுதான் துடைத்தார்.

நான் முதல் நாள் சுடிதாரில்தான் போனேன். வாசலில் இருந்த காவலர் எழுந்து வணக்கம் வைத்தார். அது என் உடைக்கா, கையிலிருந்த உத்தரவுக்கா என்று தெரியவில்லை. சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, எங்கள் அலுவலகத்தில் துப்புரவு வேலை செய்யும் பெண்களுக்குச் சீருடைப் புடவை வாங்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. அவர்களிடம் போய்க் கேட்டேன். பதினோரு பேரில் எட்டுப் பேர் சுடிதார் வேண்டும் என்றார்கள். அப்படியே குறிப்பு எழுதி என் அதிகாரியிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், என்னை மகள்போல் நடத்துகிறவர். படித்துவிட்டுச் சிரித்தார்.

“அவங்க எதப் போட்டா என்னம்மா? யாரு பாக்கப் போறாங்க?”

அதே வார்த்தைகள். எட்டு வயதில் நான் ஆறுதல் என்று எடுத்துக்கொண்ட அதே வார்த்தைகள். தன்னை யாரும் பார்ப்பதில்லை என்பது அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தையலைப் பிரித்துக்கொண்டே, தலைகூட நிமிராமல், தெரிந்து சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் அம்மாவைக் கண் நிறையப் பார்த்த ஒரே ஆள் நான். கழற்று என்று சொன்னதும் நான்தான்.

“அப்ப சுடிதாரே இருக்கட்டுங்க சார்” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போனதும், என் தலையில் வைத்த சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்படி அம்மாவிடம் கேட்டேன். எந்தச் சத்தியம் என்று அவர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைத் தெருமுனை டெய்லரிடம் கூட்டிப்போய்ப் பச்சைத் துணியில் அளவு கொடுத்தாயிற்று. டெய்லர் நாடாவைச் சுருட்டும்போது அம்மா அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

“உள்ள மூணு தையலுக்குத் துணி வுடுப்பா. யாருக்கு எப்ப தேவப்படும்னு தெரியாது.”